கால் பார்த்துப் பிரித்த ஞாயிறு

“உட்காரும்மா. காலை நீட்டு.”

“எந்தக் காலு ஆன்ட்டி?”

“எந்தக் காலா இருந்தா என்ன? ரெண்டும் உன்னோடதுதானே.”

பெண் சிரித்துக்கொண்டே வலது காலை நீட்டினாள். காலணிக் கடைக்காரம்மா குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அளவெடுக்கும் இரும்புத் தகட்டை அந்தப் பாதத்துக்குக் கீழே வைத்தாள். குதிகாலைப் பின்னால் ஒட்டவைத்து, நகரும் கட்டையை விரல் நுனியை நோக்கித் தள்ளினாள். கட்டை போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகளின் அளவுகள் முடிந்தன. சிவப்புக் கோடு வந்தது. அதைத் தாண்டிப் பெரியவர்களின் அளவுகளுக்குள் நுழைந்து, அங்கேயும் உடனே நிற்பதாக இல்லை.

“ஒம்பது,” என்றாள் கடைக்காரம்மா. பிறகு குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். “ஒம்பதா!”

“பள்ளிக்கூடம் திறந்தப்ப ஏழு வாங்கினோம் மேடம்,” என்றார் பெண்ணின் அப்பா. லிப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் கிரீஸ் பட்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “தேயக்கூட இல்ல. அதுக்குள்ள விரல் மடங்குதுங்கறா.”

“வயசு?”

“பன்னண்டு. போன வாரம்தான்.”

“போன வாரமா? என் பொண்ணுக்கும் போன வாரம்தானே!”

கல்லாவுக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகளை மேசையாக அடுக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கினாள். தூக்கிய பிறகும் பாதி முகம்தான் தெரிந்தது. அவ்வளவு பொடிசு. விளையாட்டு மைதானத்தில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். வைத்தவர் கோச். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வந்தவள் எழுந்து நின்றாள். கூரைக் கொக்கியில் தொங்கிய பள்ளிப் பைகளில் ஒன்று அவள் தலையில் இடித்தது. அவளுக்குக் கூப்பிடும் பெயர் ஏணி. அதை யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம், பார்க்கிற எவரும் வைப்பார்கள்.

“எந்த விளையாட்டுக்கு ஷூ?” என்று கேட்டாள் குண்டூசி.

“லக்ராஸ். நீல டீம். இப்பதான் சேர்ந்தேன்.”

“நான் மஞ்சள். கோல்கீப்பர்.”

“நீயா?” ஏணி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. “கோல் கம்பத்துக்கு நடுவுல நின்னா நீ தெரிவியா?”

“தெரிய மாட்டேன். ஆள் இல்லேன்னு நெனச்சு அடிப்பாங்க. பிடிச்சிடுவேன்.”

கடைக்காரம்மா முக்காலியில் ஏறிப் பெண்கள் பகுதியின் மேல்தட்டில் ஒன்பதாம் நம்பர் தேடினாள். எத்தனையோ காலமாக இந்த வேலை. ஆனாலும் பிள்ளைகளின் கால் எப்போது வளர்கிறது என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. சாப்பிடும்போதா, தூங்கும்போதா, பரீட்சை எழுதும்போதா? பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒருவரும் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் ஓர் எலும்பு நீள்கிறது. ஒரு நாள் காலையில் ஷூ கடிக்கிறது என்று பிள்ளை அழும்போதுதான் வீட்டுக்கே தெரிகிறது. ஒவ்வொரு முறை தகட்டில் கட்டை ஒரு கோடு நகர்ந்து நிற்கும்போதும் அவளுக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். வேலைதானே என்று அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

*

மைதானம் பேருந்து பணிமனைக்குப் பின்னால் இருந்தது. லக்ராஸ் தெரியாதவர்கள் முதலில் பார்த்தால், பட்டாம்பூச்சி பிடிக்க வந்த பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வதாக நினைப்பார்கள். நீண்ட மட்டை, அதன் தலையில் ஒரு சின்ன வலை. அந்த வலையால் பந்தைப் பிடித்து, அதிலேயே வைத்துக்கொண்டு ஓடி, அதாலேயே எறிய வேண்டும். பந்து ரப்பர்தான். ஆனால் தரையில் விழுந்தால் கல் விழுந்த சத்தம் வரும்.

அங்கே மூன்று குழுக்கள். ஏழிலிருந்து ஒன்பது வயதுவரை ஒன்று, பத்திலிருந்து பன்னிரண்டு ஒன்று, பதிமூன்றிலிருந்து பதினைந்து ஒன்று. பிறந்த தேதிதான் கணக்கு. விதியை ஆண்டுக்கொரு முறை மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மருந்துக்கடைக்காரர் தலைவர். கோச் ஒருவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஷூ கொடுப்பவள் என்பதால் கடைக்காரம்மா மூன்றாவது ஆள்.

ஆட்டம் நடக்கும்போது கடைக்காரம்மா பந்தைப் பார்க்க மாட்டாள். மகள் கோலில் நிற்கிறபோது பந்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. கால்களைத்தான் பார்ப்பாள். யார் ஷூ வாய் பிளந்திருக்கிறது, யார் கயிறு கட்டவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

மஞ்சளும் நீலமும் மோதிய அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நம்பர் புது ஷூ ஒரு ஜோடி இடது பக்கத்திலிருந்து ஓடிவந்தது. நின்றது. ஒரு கால் முன்னால் ஊன்றியது. அடுத்து அவள் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் அடித்தாற்போல் ஒரு சத்தம். நிமிர்ந்தபோது கோலுக்குள் குண்டூசி மல்லாந்து கிடந்தாள்.

“என் கண்ணு!”

தாய் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு செருப்பு மைதானத்திலேயே தங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் காலணி விற்பவளின் செருப்பு.

“ஒண்ணுமில்லம்மா. மார்க்கவசத்துலதான் பட்டுச்சு.”

“ஒண்ணுமில்லையா? மூச்சு வாங்கறே!”

“மூச்சு வாங்காம இருந்தாதானேம்மா கவலைப்படணும்.”

ஏணி அங்கேயே நின்று மட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளுடைய அப்பா வேலியைத் தாண்டி வந்தார்.

“மன்னிச்சுக்கங்க மேடம். அவளுக்கு அவ பலம் தெரியாது. வீட்டுல மூணு டம்ளர் உடைச்சிட்டா, கழுவறேன்னு.”

“பரவால்ல தம்பி,” என்றாள் கடைக்காரம்மா. ஆனால் அவள் குரலில் பரவாயில்லை என்பது இல்லை.

அன்று வீட்டில் சட்டையைக் கழற்றியபோது, காறை எலும்புக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குக் கன்றியிருந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் அப்பா பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தார்.

“அப்பா, அவ பந்து எப்படி வருது தெரியுமா?”

“எப்படி வருதாம்?”

“சொல்லத் தெரியல. ஆனா நான் அதைப் பிடிக்கணும்.”

“பிடிக்கறாளாம் பிடிக்க,” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. “முதல்ல உசிரைப் பிடிச்சுக்கோ. அந்தப் பொண்ணு உன்கூட விளையாடற அளவா? ரெண்டு மடங்கு இருக்கா.”

“ஒரே வயசும்மா. நாலு நாள்தான் வித்தியாசம்.”

“வயசு காகிதத்துல இருக்கு. அடி நெஞ்சுல இருக்கு.”

*

மருந்துக்கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து மூவரும் பேசினார்கள். புதிய பருவம் தொடங்க இருந்தது. விதியை இப்போதே மாற்றினால்தான் உண்டு.

“அளவு பார்த்துப் பிரிக்கணும்,” என்றாள் கடைக்காரம்மா. “தேதி பார்த்து இல்ல. எட்டாம் நம்பர் கால்ல நாலாம் நம்பர் ஷூவை மாட்டுவோமா? ‘உனக்குப் பன்னண்டு வயசு, பன்னண்டு வயசுக்கு இதுதான் ஷூ’ன்னு சொல்லி அனுப்புவோமா?”

“உயரத்தை அளக்கறதா, எடையை அளக்கறதா?” என்று கேட்டார் கோச். அவருக்குப் பிழைப்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஏதாவது யோசிக்கும்போது வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

“உயரம் எதுக்கு? குனிஞ்சு நின்னா குறையும். எடை தண்ணி குடிச்சா கூடும். கால் பொய் சொல்லாது. கால் பெரிசா இருந்தா ஆள் பெரிசு, இன்னும் பெரிசாகவும் போறா. எங்கிட்ட எல்லாப் பிள்ளைங்க அளவும் இருக்கு.”

மருந்துக்கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். “மருந்துகூட எடையைப் பார்த்துதான் குடுக்கச் சொல்றான். வயசு ஒரு குத்துமதிப்புதான். அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு.”

“காலை வெச்சு ஒரு விளையாட்டைப் பிரிச்சாங்கன்னு வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க,” என்றார் கோச்.

“நெஞ்சுல பந்து பட்ட பிள்ளையைப் பெத்தவங்க சிரிக்க மாட்டாங்க.”

கோச் இல்லாத பிரேக்கை மிதித்தார். “சரி. வர்ற ஞாயித்துக்கிழமை சோதிச்சுப் பார்ப்போம். சரிப்பட்டா வியாழக்கிழமை முடிவு பண்ணிடலாம்.”

வீட்டில் அப்பா சொன்னார்: “ரயில்ல அரை டிக்கெட்டுக்கு நான் காலைப் பார்க்கறதில்ல. அப்படிப் பார்த்தா உங்கம்மாவுக்கு அரை டிக்கெட்தான்.”

“உங்க நக்கலை உங்க ரயில்ல வெச்சுக்கங்க.”

குண்டூசி சிரிக்கவில்லை. “அம்மா, உண்மையாவா? என்னை எந்தக் குழுவுல போடுவே?”

“உன் கால் எதுவோ அதுல.”

“அப்ப ஏணி?”

“அவ கால் எதுவோ அதுல.”

மகள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். “அவளை மேல அனுப்பிட்டா நான் அந்தப் பந்தைப் பிடிக்கவே முடியாதும்மா” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அம்மா காதில் அது விழுந்தது. கன்றிப்போன இடம்தான் கண்ணுக்குள் நின்றது.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் நீள பெஞ்சுகளைப் போட்டு, பிள்ளைகளை உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். காலுறைகளின் நாற்றம் பணிமனையின் டீசல் வாசனையையே அமுக்கிவிட்டது.

“அய்யோ, யாருடா அது?”

“என்னோடது இல்ல, இவனோடது!”

“வாயை மூடிட்டு வரிசையா வாங்க,” என்றார் கோச். “ஒரு வண்டி போனப்புறம் ஒரு வண்டி. ஓவர்டேக் கிடையாது.”

கடைக்காரம்மா முக்காலியைப் போட்டுக்கொண்டு தகட்டை வைத்தாள். பாதம் பாதமாக வந்தது. சில்லிட்ட பாதம், வியர்த்த பாதம், கூச்சத்தில் விரல்களைச் சுருட்டிக்கொள்ளும் பாதம். மூன்றாம் நம்பர் வரை ஒரு பக்கம், ஆறு வரை நடுவில், அதற்கு மேல் அந்தப் பக்கம். அரை மணியில் மூன்று கூட்டம் பிரிந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், கடைத் தட்டில் அடுக்கிவைத்த பெட்டிகளைப்போல. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஏணி பெரியவர்களோடு போனாள். குண்டூசிக்கு இரண்டாம் நம்பர். அவள் சின்னவர்களோடு போய் நின்றாள். அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது.

சின்னவர்களின் மைதானத்தில் ஒரு கோலும் விழவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எறிந்த பந்துகள் தத்தித் தத்தி வந்தன. குண்டூசி ஒவ்வொன்றையும் வலையில் அள்ளித் திருப்பி எறிந்தாள். பந்து இவர்கள் தலைக்கு மேலே பறந்து எங்கேயோ விழுந்தது. முன்பல் இல்லாத ஒரு குட்டிப் பெண் கடைசியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, “இந்த அக்கா வேணாம். இந்த அக்கா இருந்தா எனக்குப் பந்தே வரல,” என்று உரக்க அழத் தொடங்கினாள்.

பெரியவர்கள் பக்கம் வேறு மாதிரி. அங்கே யாரோ “கதவு, கதவு!” என்று சங்கேதமாகக் கத்த, எல்லாரும் ஒரே நேரத்தில் இடம் மாறினார்கள். ஏணி மட்டும் கதவு எங்கே என்று தேடுகிறவள்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பந்து வந்தது. பிடித்தாள். நான்கு பேர் நான்கு பக்கமும் நெருக்கியதும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பந்தைத் தரையில் போட்டாள்.

“என்ன கிளாஸ் நீ? பத்தாவதா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஏழாவது.”

“ஏழாவதா? இந்த உடம்புக்கா?”

அவர்கள் வேண்டுமென்று சிரிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஏணி தோளைச் சுருக்கிக்கொண்டாள். அவ்வளவு உயரத்தையும் எங்கே ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தார்கள். ஏணி மெல்ல நழுவிச் சின்னவர்கள் பக்கம் வந்தாள். கடைக்காரம்மா ஆரஞ்சுச் சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு குரல்கள்.

“பார்த்தியா? நல்லா பாரு. நாக்கால தள்றேன்.”

“ஆடுதுடி!”

“கடைசிப் பால்பல்லு. மத்த எல்லாம் போயிடுச்சு. இது மட்டும் விழவே மாட்டேங்குது.”

“எனக்கும் ஆடுது! இதே பக்கம்! பாரேன், ஆ...”

“அட, ஆமா! உன்னோடது என்னோடதைவிட நல்லா ஆடுது.”

“நூல் கட்டிக் கதவுல மாட்டி இழுத்துடலாமா?”

“அய்யய்யோ, வேணாம்டி! ரத்தம் வரும். எனக்கு ரத்தம்னா மயக்கம் வந்துடும்.”

கடைக்காரம்மா தட்டோடு அங்கே போய் நின்றாள். இரண்டு பேரும் தரையில் சம்மணமிட்டு எதிரெதிரே உட்கார்ந்து, வாயைப் பிளந்து, ஒருத்தி வாய்க்குள் ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த நிலையிலும் ஒருத்தி ஒரு தலை உயரம் கூடுதல். அவள் நன்றாகக் குனிந்துதான் மற்றவளுக்குக் காட்ட முடிந்தது.

“எனக்குக் காட்டு,” என்றாள் கடைக்காரம்மா.

“சும்மா பாருங்க ஆன்ட்டி. தொடாதீங்க.”

ஏணி வாயைத் திறந்தாள். நல்ல அகலமான தாடை. வரிசையாகப் பெரிய புதுப் பற்கள். அவற்றுக்குப் பின்னால், கன்னத்தின் ஓரத்தில், தேய்ந்துபோன சோளமணி மாதிரி ஒரு பால்பல் நூலிழையில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அடியில் ஈறு சிவந்து, புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு லேசாகத் தெரிந்தது.

கடைக்காரம்மா மகள் பக்கம் திரும்பினாள். “நீ?”

“எதுக்கு, இதையும் அளக்கப் போறியா?” என்றாள் குண்டூசி. ஆனாலும் திறந்தாள்.

அதே பல். அதே பக்கம். அதே சிவப்பு.

ஆரஞ்சுத் தட்டு அவள் கையில் சாய்ந்தது. இரண்டு சுளைகள் புல்லில் விழுந்தன. அவள் கவனிக்கவில்லை. இந்தப் பெரிய உடம்பும் அந்தச் சின்ன உடம்பும், எங்கேயோ உள்ளே, ஒரே கடிகாரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் சாவி கொடுத்தது? இரண்டு வீடுகள், இரண்டு தாய்மார்கள், வெவ்வேறு சாப்பாடு. ஒருத்தியின் கால் ஒன்பதுக்கு ஓடிவிட்டது, இன்னொருத்தியின் கால் இரண்டிலேயே நின்றுவிட்டது. இந்தப் பல் மட்டும் இரண்டு பேருக்கும் காத்திருந்து, சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கியிருக்கிறது. தகட்டை வைத்து இத்தனை பாதங்களை அளந்தவளுக்கு அதை வைக்க இங்கே இடம் தெரியவில்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“ஆன்ட்டி, ஆரஞ்சு கீழ விழுது,” என்றாள் ஏணி. குனிந்து இரண்டையும் பொறுக்கி, ஊதிவிட்டு, ஒன்றைக் குண்டூசியிடம் கொடுத்தாள்.

*

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா தகட்டுப் பையைச் சுமந்துகொண்டு நடந்தாள். மகள் மட்டையால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“இன்னிக்கு ஒரு பந்தைக்கூட நீ விடல,” என்றாள் அம்மா, பேச்சைத் தொடங்குவதற்காக.

“பிடிச்சேன்னு சொல்லாதே. பொறுக்கினேன்.”

“அடியும் படல.”

“படல. அந்தக் குட்டிப் பாப்பாதான் அழுதுச்சு. நான் அழவெச்சேன். நல்லா இருக்கா உன் விதி?”

அம்மா தகட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். தெருமுனைத் தையல்கடையின் ரேடியோ சத்தத்தைத் தாண்டினார்கள்.

“அந்தப் பொண்ணு பந்து... அது எப்படித்தான்டி இருக்கும்?”

குண்டூசி நின்றாள். அம்மா கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“முதல்ல ஒண்ணுமே தெரியாது. அவ கை பின்னால போகும். அப்புறம் ‘ஊய்ங்’னு ஒரு சத்தம். குளவி மாதிரி இல்ல, அதைவிட மெலிசு. வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்காது. எனக்குத்தான் கேக்கும், அது எனக்குத்தானே வருது. அந்தச் சத்தம் கேக்கறப்ப எல்லாமே மெதுவாயிடும்மா. புல்லு, அவ மூஞ்சி, எல்லாம். முதல் தடவை நான் கையைத் தூக்கறதுக்குள்ள பின்னால போயிடுச்சு. ரெண்டாவது, தோள் பக்கம். மூணாவது நெஞ்சுல பட்டுச்சில்ல? நீங்க எல்லாம் ஓடி வந்தீங்களே? அது அடி இல்லம்மா. நான் சரியான இடத்துல நின்னேன். மட்டை மட்டும்தான் வந்து சேரல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “கொஞ்சம்தான் பாக்கி. இவ்வளவுதான்.”

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அவள் காட்டிய இடைவெளி அம்மாவுக்குப் பழக்கமான அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவே இருப்பது அதுதான்.

*

வியாழக்கிழமை மருந்துக்கடையின் பின்னறையில் கடைக்காரம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

“என் விதியை நானே திருப்பி எடுத்துக்கறேன்.”

“என்னக்கா இது? போன வாரம் கால் பொய் சொல்லாதுன்னீங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“கால் மேல பழி போடாதீங்க. எவ்வளவு பெரிசுன்னு கேட்டேன், சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒம்பதாம் நம்பர் கால், வாய்க்குள்ள பால்பல்லு. அவளைப் பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க நடுவுல நிக்கவெச்சு வேடிக்கை பார்த்தேன். குழந்தைங்க அது. ரெண்டும் குழந்தைங்க.”

“அப்ப நெஞ்சுல படற பந்து?” என்றார் கோச். “அதுவும் நெசம்தானே?”

“நெசம்தான். அதுக்குத்தான் ஒண்ணு கேக்கறேன். மூணு வயசை ஒரே குழுவுல போடறது ரொம்ப அகலம். பத்து வயசுப் பிள்ளை பன்னண்டு வயசுப் பிள்ளை முன்னால நிக்குது. ரெண்டு ரெண்டா பிரிங்க. பதினொண்ணும் பன்னண்டும் ஒண்ணா இருக்கட்டும், அதுக்கு மேல இப்ப இருக்கறபடியே. தேதி தேதியாவே இருக்கட்டும். யாருக்காவது சின்னக் குழு பத்தலேன்னா மேல போகட்டும், அதுவும் பிள்ளை வாயால கேட்டா மட்டும். கீழ மட்டும் யாரையும் இறக்கவேணாம். என் பொண்ணு உள்பட.”

“மைதானம் போதாதே, ஒரு குழு கூடுதலா வருதே,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சனிக்கிழமை சாயங்காலமும் விளையாடட்டும். நான் வந்து நிக்கறேன்.”

கோச்சின் வலது கால் தரையை மிதிக்காமல் இருந்தது. “எனக்குச் சம்மதம். ஆனா அக்கா, குண்டூசி அந்தப் பந்து முன்னால மறுபடி நிக்கப் போறா. யோசிச்சுக்கிட்டீங்களா?”

“யோசிச்சா மாட்டேன்னுதான் சொல்வேன். அதான் யோசிக்காம வந்தேன்.”

அன்று கடையை மூடும் முன், ஷூவுக்குள் போடும் மெத்தென்ற உள்ளடிகளில் பெரிய அளவாக நான்கை எடுத்து வெட்டி, மகளின் மார்க்கவசத்துக்குள் வைத்துத் தைத்தாள். குண்டூசி அதைப் போட்டுப் பார்த்து, “நெஞ்சுல நாலு பேர் நடக்கற மாதிரி இருக்கு” என்றாள். ஆனால் கழற்றவில்லை.

*

மஞ்சளும் நீலமும் மறுபடி மோதிய நாளில் லேசாக மழை தூறி விட்டிருந்தது. வேலியோரத்தில் கடைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் லிப்ட் மெக்கானிக் வந்து நின்றார். மகளைப் பெற்றவர்தான் என்று சந்தேகமே வராத உயரம்.

“நேத்து ராத்திரி பல்லு விழுந்துடுச்சு மேடம். ஒரு துளி ரத்தம். வீடே ரெண்டாயிடுச்சு.”

“இவளோடது இன்னும் ஆடிட்டிருக்கு. யாரையும் தொட விடமாட்டேங்கறா.”

நீல அணி இரண்டு கோல் போட்டிருந்தது. இரண்டும் ஏணி அடித்தவை அல்ல. மஞ்சளும் இரண்டு போட்டிருந்தது. கடைக்காரம்மா வழக்கம்போலக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரப்புல்லில் ஒன்பதாம் நம்பர் ஜோடி இடது பக்கத்திலிருந்து ஓடிவந்தது. நின்றது. ஒரு கால் முன்னால் ஊன்றியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்திருந்தாள். ஈரத்துணி அடிக்கும் சத்தம் வரவில்லை. கோல் விழுந்தால் வரும் கூச்சலும் வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். ஏணி மட்டையை வீசிய கையோடு அப்படியே நின்றிருந்தாள். நடுவர் கோலுக்குள் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பந்து அங்கே இல்லை. குண்டூசி தன் மட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து, வலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அங்கே இருந்தது. உயிருள்ள எதையோ பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள். ஹெல்மெட் கம்பிகளுக்குள்ளே அவள் வாய் மெல்லத் திறந்தது.

“எறிடி!” என்று கத்தினார் கோச். “வெளிய எறி! கியரை மாத்து! எறி!”

கோல்கீப்பர் தன் வட்டத்துக்குள் பந்தை வைத்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. உடனே எறிந்துவிட வேண்டும். அது சின்னவர்கள் குழுவுக்கும் தெரிந்த விதி. குண்டூசிக்கும் தெரியும். மஞ்சள் சட்டைகள் எல்லாம் கையைத் தூக்கிக் கத்தின. “எறி! எறி!” அம்மாவும் கத்த வாயைத் திறந்தாள். அந்தச் சின்ன முகத்தையும் அந்த வலையையும் பார்த்தபோது, இந்த நேரத்தை எப்படிக் கலைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசில் ஒலித்தது. பந்து நீலத்துக்கு.

கோச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “பிடிச்சதை மியூசியத்துல வெக்கப் போறியா?”

குண்டூசி பந்தை நடுவரிடம் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

ஏணி இடத்தைவிட்டு நகரவே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. பல் போன இடம் தெரிந்தது. பிறகு அந்த வாய் காதுவரை விரிந்தது.

“ஏய் குண்டூசி! பிடிச்சிட்டியா!”

“பிடிச்சிட்டேன்டி!”

“எப்படிடி?”

“சத்தம் கேட்டுச்சு!”

“என்ன சத்தம்?”

“பேச்சு போதும்,” என்றார் நடுவர், பந்தை ஏணியின் வலையில் போட்டு. நீல அணி சுற்றிலும் இடம்பிடித்து நின்றது. குண்டூசி ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு, இரண்டாம் நம்பர் ஷூக்களை அகல ஊன்றி, கோலின் நடுவே தாழ்ந்து நின்றாள். அங்கிருந்து பார்க்க அவள் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளி மட்டையைத் தூக்கி, வா என்று அசைத்தது.

ஏணியின் கை பின்னால் போயிற்று.

“மேடம், மறுபடி அடிக்கப் போறா,” என்று லிப்ட் மெக்கானிக் பதறி அவள் முன்னால் வந்து நின்றார். “வேணாம், நீங்க பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கங்க.”

“கொஞ்சம் தள்ளுங்க தம்பி,” என்றாள் கடைக்காரம்மா, அவர் தோளைப் பிடித்து ஒதுக்கிக்கொண்டே. “மறைக்காதீங்க.”